நூலகத்துக்கு எதிரே நிற்கும் வடைக்கல்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் நூலகத்துக்கு எதிரே ஆறடி உயரத்தில் ஒரு கருங்கல்லை நட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி பளபளப்பு, மறுபக்கம் உடைத்துப் போட்ட மாதிரி கரடுமுரடு. நெஞ்சு உயரத்தில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஒரு ஓட்டை. அடியில் திண்ணை மாதிரி ஒரு படி. பலகையில் 'தலைப்பில்லை, கருங்கல்' என்று மட்டும் இருக்கிறது. நாங்கள் வடைக்கல் என்று கூப்பிடுகிறோம். இதற்கு என்ன அர்த்தம்? பாதியில் விட்டுவிட்டார்களா? பெரிய கோயில் இருக்கிற ஊரில் இதையும் சிற்பம் என்று சொல்லலாமா?" கூடவே சின்னதாக இரண்டு கேள்விகள். ஆயுத பூசையன்று யாரோ எண்ணெய் தடவிப் பொட்டு வைத்துவிட்டார்கள், துடைக்கலாமா? அந்தப் படியில் உட்காரலாமா?

நான் கும்பகோணத்தில் சிற்பம் படித்தவன். இருபது வருடத்துக்கு மேலாகக் கல்லோடுதான் பிழைப்பு. தம்பி அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு, ஒரு சனிக்கிழமை நேரிலும் போய் அந்தக் கல்லைச் சுற்றிவந்தேன். வடைக்கல் என்ற பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது. பேர் வைக்கிறீர்கள் என்றால் பார்த்திருக்கிறீர்கள் என்றுதானே அர்த்தம்.

பாதியில் விட்ட வேலையா என்பதற்கு முதலில் பதில் சொல்கிறேன், அது சுலபம். இல்லை, முடித்த வேலைதான். கல்வேலையில் மெருகு ஏற்றுவது கடைசிக் கட்டம். முரட்டு நம்பர் சாணைத் தகட்டில் தொடங்கி, தண்ணீர் விட்டுத் தேய்த்துத் தேய்த்து, நைஸ் நம்பர் வரை வர வேண்டும். அதன்பிறகு பக்கத்தில் உளி பட்டு ஒரு சில்லு தெறித்தாலும் அத்தனை உழைப்பும் வீண். அதனால் மறுபக்கம் வேலை பாக்கி இருக்கும்போது யாரும் ஒரு பக்கத்துக்கு மட்டும் மெருகு போட மாட்டார்கள். பளபளப்பும் கரடுமுரடும் சேரும் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள், நூல் பிடித்த மாதிரி ஓடும். முரட்டுப் பக்கத்தில் வரிசையாக அரைக் குழல் மாதிரித் தழும்புகள் தெரிகின்றன அல்லவா? பாறையை உடைப்பதற்காக வரிசையாகத் துளை போட்டு ஆப்பு அடித்த இடங்கள் அவை. பாறை பிளந்தபோது ஒவ்வொரு துளையும் பாதிப் பாதியாகப் பிரிந்து, ஒரு பாதி உங்கள் கல்லோடு வந்துவிட்டது. சிற்பி நினைத்திருந்தால் ஒரே நாளில் அதைக் கொத்தி எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

நிஜமாகவே முடியாத வேலை எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையென்றால் மாமல்லபுரத்தில் பிடாரி ரதங்களையும் வலையன்குட்டை ரதத்தையும் பாருங்கள். மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்து பாதியில் நிறுத்தியது அப்பட்டமாகத் தெரியும். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நம்ம பெரிய கோயில் விமானத்தின் மேல் தளத்தில் நடனக் கரணங்கள் 108-இல் 81 மட்டும்தான் செதுக்கியிருக்கிறது. மிச்சம் 27-க்கு ஒதுக்கிய கற்கள் இன்றும் வெறும் கற்களாகவே இருக்கின்றன. உலகம் கொண்டாடும் கோயிலிலேயே பாக்கி வைத்திருக்கிறார்கள். உங்கள் நூலகத்துக் கல்லில் பாக்கி எதுவும் இல்லை.

சரி, அர்த்தம். இதற்கு ஒற்றை வரியில் பதில் சொன்னால் உங்களை ஏமாற்றுவதாக ஆகும். வேறொரு இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

டெல்டாவில் பிறந்தவர்களுக்குக் கல் என்பது வெளியூர்ச் சரக்கு. எங்கள் ஊரில் பத்தடி தோண்டினால் களிமண், இன்னும் தோண்டினால் மணல், அப்புறம் தண்ணீர். பாறை என்ற ஒன்றை நான் முதன்முதலில் பார்த்தது திருச்சி மலைக்கோட்டையில், எட்டு வயதில். இங்கே கல் தானாக முளைக்காது. அம்மி, ஆட்டுக்கல், வாசற்படி, படித்துறை, எல்லைக்கல், கோயில் என்று எங்கே ஒரு கல் கிடந்தாலும் அதை யாரோ தேவை கருதி, மெனக்கெட்டு, வண்டி ஏற்றி இறக்கியிருக்கிறார்கள். 1010-இல் கட்டி முடித்த பெரிய கோயிலுக்கு ஒவ்வொரு கல்லும் மேற்கே திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்துப் பாறை நிலங்களிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். தஞ்சாவூரில் வெட்டி எடுக்கக் கருங்கல் ஏது? கல்லணையையும் சேர்த்துச் சொல்லலாம். மணல் படுகையில் கல்லைப் போட்டு, அது அமிழ அமிழ மேலே மேலே போட்டு நிலைக்க வைத்த அந்த வித்தையைப் பார்த்துத்தான் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன், மணலில் எப்படி அஸ்திவாரம் போடுவது என்று நம் ஊர்க்காரர்களிடம் கற்றுக்கொண்டதாக எழுதினார்.

அந்தக் கல்லைப் பார்க்கும்போது எனக்கு முதலில் தோன்றியது இதுதான்: வண்டல் மண்ணில் நான்கு டன் வெளியூர்க்காரர் ஒருவர் வந்து நிற்கிறார். நான்கு டன் என்பது கண்ணளவுக் கணக்கு இல்லை. ஆறடி உயரம், மூன்றடி அகலம், மூன்றடி கனம் என்றால் 54 கன அடி. கருங்கல் ஒரு கன அடி ஏறக்குறைய 75 கிலோ. பெருக்கிப் பாருங்கள், 4,050 வரும். ஓட்டையில் போனது, சீவியது எல்லாம் கழித்து, படியைக் கூட்டினால் மறுபடி நாலு டன் பக்கம்தான்.

இரண்டாவதாக, முகமில்லாத கல்லுக்கு அர்த்தம் கொடுத்துப் பழகியவர்கள் நாம். சுமைதாங்கிக் கல் பார்த்திருக்கிறீர்களா? இப்போது ரோடு அகலப்படுத்தியதில் பல போய்விட்டன, ஆனால் உள்ரோடுகளில், பழைய புளியமரத்தடியில், இன்னும் சில நிற்கின்றன. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு நடந்து வருபவர், இறக்கிவைக்க இன்னொருவர் கை இல்லாமல், தலையை லேசாகச் சாய்த்தாலே சுமை அந்தக் கல்லுக்கு மாறிவிடும் உயரம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக வைப்பது வழக்கம். இறக்கிவைக்க முடியாமல் போன அவள் சுமையை, வழிப்போக்கர்கள் இறக்கிவைக்கும் ஒவ்வொரு சுமையும் குறைக்கிறது என்று நம்பிக்கை. அதில் பெண்ணின் உருவம் கிடையாது. குழந்தையின் உருவம் கிடையாது. மூன்று கல், அவ்வளவுதான். என் அப்பாயி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு நிமிடம் பேச்சை நிறுத்துவார். எந்தப் பலகையும் அவருக்குத் தேவைப்படவில்லை.

இன்னொன்று, கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. சைவர்கள் உருவம், உருவமே இல்லாத அருவம், இரண்டுக்கும் நடுவிலான அருவுருவம் என்று மூன்றாகப் பிரித்தார்கள். சிதம்பரத்தில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம்: நடராசர் உருவம், படிக லிங்கம் அருவுருவம், திரைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லாத ரகசியம் அருவம். இன்றைக்கு நவீனச் சிற்பத்தை அரூபச் சிற்பம் என்று எழுதுகிறோமே, அதைவிட அருவுருவம் பொருத்தமான சொல் என்பது என் கட்சி. கல் என்ற உருவம் இருக்கத்தானே செய்கிறது.

லிங்கத்தை வெறும் வடிவமாக ஒரு தடவை யோசித்துப் பாருங்கள், பக்தி எங்கும் போய்விடாது. அடிப்பாகம் சதுரம், நடுப்பாகம் எண்கோணம், மேல்பாகம் வட்டம். பிரம்ம பாகம், விஷ்ணு பாகம், ருத்ர பாகம் என்பார்கள். நம் கண்ணுக்குத் தெரிவது ருத்ர பாகம் மட்டும். சதுரம் தரைக்குள்ளும் எண்கோணம் ஆவுடையாருக்குள்ளும் மறைந்திருக்கும். இதில் தத்துவத்தோடு ஒரு தொழில் சூட்சுமமும் இருக்கிறது. சதுரக் கல்லை நேரடியாக உருண்டையாக்க முடியாது. நான்கு மூலையைச் சீவினால் எட்டுப் பட்டை, எட்டின் மூலையைச் சீவினால் பதினாறு, அதற்கப்புறம்தான் வட்டம். ஒரு தூண் செதுக்கும் பையன் முதல் வாரத்தில் கற்கும் பாடத்தை அப்படியே ஒரு கல்லில் நிறுத்தி வைத்து, அதைக் கருவறையில் வைத்த சமூகம் இது. உங்கள் வடைக்கல்லைப் பார்த்து நாம் மிரள்வதற்கு ஒரு காரணமும் இல்லை.

ஆனால் அந்தக் கல் லிங்கமும் அல்ல, சுமைதாங்கியும் அல்ல. அவற்றுக்கெல்லாம் ஊர் கூடி ஒப்புக்கொண்ட ஒரு அர்த்தம் உண்டு. நூலகத்துக் கல்லுக்கு அப்படிக் கிடையாது, பலகையிலும் கை விரித்துவிட்டார்கள். 'தலைப்பில்லை' என்று போட்டதற்குக் காரணம் சோம்பேறித்தனமாகவும் இருக்கலாம், நேர்மையாகவும் இருக்கலாம். 'வளர்ச்சி', 'ஒற்றுமை', 'விதை' என்று கடைசி நாளில் அவசரமாகப் பேர் எழுதி ஒட்டுவதை நிறையப் பார்த்திருக்கிறேன், நானே செய்திருக்கிறேன். அதற்கு இது தேவலை.

அதனால் "இது எதைக் குறிக்கிறது" என்பதைக் கொஞ்சம் ஒத்திவைத்துவிட்டு, "இந்தக் கல்லில் என்ன செய்திருக்கிறார்கள்" என்று கேளுங்கள். அதற்கு விடை கல்லிலேயே கிடைக்கும். நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரே கல், இரண்டு நிறம். மெருகு ஏறிய பக்கம் கறுப்பு, முரட்டுப் பக்கம் சாம்பல். சாயம் எதுவும் பூசவில்லை. கொத்திய பரப்பில் கல்லின் மணிகள் நொறுங்கி வெளிச்சத்தை நாலா பக்கமும் சிதறடிக்கின்றன, அதனால் வெளுத்துத் தெரிகிறது. மெருகேறிய பரப்பில் சிதற ஒன்றும் இல்லை, கல்லின் உள்நிறம் தெரிகிறது. மழையில் நனைந்த கல் கறுப்பாகத் தெரிவதும் பாட்டி காலத்து ஆட்டுக்கல் குழி கறுத்து மின்னுவதும் இதே காரணத்தால்தான். மாவு ஆட்டி ஆட்டி ஐம்பது வருடத்தில் ஏறும் மெருகை இங்கே கிரைண்டர் ஐந்து நாளில் ஏற்றியிருக்கிறது. ஆக, அந்தக் கல்லில் ஒரு பாறையின் ஆரம்பமும் முடிவும் இருக்கின்றன. ஆப்புத் தழும்பு இருக்கும் பக்கம் மலையிலிருந்து பிரிந்த நாள். மறுபக்கம் வேலை முடிந்த நாள். நடுவில் ஓட்டை.

அந்த ஓட்டையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பளிங்கு மிருதுவான கல், கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் 3 என்றால், கருங்கல்லில் இருக்கும் பெல்ஸ்பார், குவார்ட்ஸ் என்ற கனிமங்கள் 6, 7. இரண்டு பக்கமிருந்தும் குடைந்து நடுவில் சந்திக்க வேண்டும், கோடு தப்பினால் உள்ளே ஒரு படி விழுந்துவிடும். கையை உள்ளே விட்டுப் பார்த்தேன், மத்தியில் ஒரு நூல் அளவு படி இருக்கிறது. அதை மறைக்க முயலாமல் விட்டது எனக்குப் பிடித்தது. காலை ஏழு மணிக்கும் சாயங்காலம் ஐந்து மணிக்கும் போய்ப் பாருங்கள். மதிய வெயிலில் எந்தச் சிற்பமும் செத்துத்தான் கிடக்கும். சாய்ந்த வெயிலில் முரட்டுப் பக்கத்தின் ஒவ்வொரு உளிக் கொத்துக்கும் தனி நிழல் விழும். அப்புறம் மெருகுப் பக்கம் நின்றால் உங்கள் முகமும் நூலகமும் கல்லில் தெரியும், ஓட்டை வழியாகப் பின்னால் இருக்கும் வேப்பமரமும் தெரியும். கல்லில் பிரதிபலிப்பது ஒன்று, கல்லைத் தாண்டித் தெரிவது ஒன்று. நூலகத்துக்கு எதிரே இதை வைத்தது தற்செயலா என்று சிற்பியைக் கேட்டால் சிரித்துவிட்டுப் போவார். எனக்கு அது போதும்.

பல்கலைக்கழகங்களில் இப்படிக் கற்கள் வந்து சேர்வதன் பின்னால் ஒரு வழக்கம் இருக்கிறது. 1959-இல் ஆஸ்திரியாவில் கார்ல் பிரான்டல் என்ற சிற்பி, சாங்க்ட் மார்கரெத்தன் கல்குவாரிக்கே சிற்பிகளை வரவழைத்து, வெட்டவெளியில் சேர்ந்து வேலை செய்யவைத்தார். சிற்ப முகாம் என்று நாம் இன்று நடத்துவதெல்லாம் அந்த வழியில் வந்தது. பத்துப் பேரை அழைப்பார்கள், ஆளுக்கு ஒரு கல், இரண்டு மூன்று வாரம், சாப்பாடு, தங்குமிடம். செய்தது அங்கேயே நிற்கும். மூன்று வாரத்தில் கருங்கல்லில் நகை, விரல், மடிப்பு எல்லாம் வராது. ஒரு பெரிய வெட்டு, ஒரு துளை, ஒரு மெருகு, மிச்சம் பாறையாகவே. கல்லின் குணமும் காலக்கெடுவும் சேர்ந்து பாதி வடிவத்தைத் தீர்மானித்துவிடும். இதை யாரும் கண்காட்சிக் குறிப்பில் எழுத மாட்டார்கள். எழுதாத இன்னொன்று: கட்டர் பிடிப்பதும் மெருகு ஏற்றுவதும் பெரும்பாலும் கோயில் வேலை செய்து பழகிய உதவியாளர்கள். கல்லைத் தட்டி, மணி மாதிரிக் கேட்கிறதா, மந்தமாகக் கேட்கிறதா என்று காது கொடுத்து, உள்ளே கீறல் இருப்பதை அவர்கள்தான் முதலில் சொல்வார்கள். தட்டினால் வரும் ஓசையை வைத்து ஆண் கல், பெண் கல் என்று பிரித்த அதே காது. சிலிக்கா தூசியை மூச்சில் வாங்குவதும் அவர்கள்தான். பலகையில் பேர் இருக்காது. இது எனக்குப் பல வருட வருத்தம்.

பல்கலைக்கழகத்தில் அரூபச் சிற்பம் என்பது புதுசா என்றால், சாந்திநிகேதனில் ராம்கிங்கர் பெய்ஜ் 1940-ஐ ஒட்டியே விளக்குத்தூண் என்று ஒன்றை சிமெண்டில் செய்து வெளியில் நிறுத்திவிட்டார். இந்தியாவின் முதல் அரூபப் பொதுச்சிற்பங்களில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். கல்லில் எனக்குப் பிடித்த உதாரணம் அமெரிக்காவில், யேல் பல்கலைக்கழகத்தில் அரிய நூல்கள் இருக்கும் பைனிக்கி நூலகத்தில் இருக்கிறது. இசாமு நொகுச்சி என்ற சிற்பி 1960-களின் தொடக்கத்தில் செய்தது. தரைமட்டத்துக்குக் கீழே பள்ளமான முற்றம், முழுக்க வெள்ளைப் பளிங்கு. அதில் மூன்றே வடிவங்கள்: ஒரு பிரமிடு, எழுந்து நிற்கும் ஒரு வளையம், ஒற்றை முனையில் நிற்கும் ஒரு கனசதுரம். பூமி, சூரியன், தற்செயல் என்று அவரே விளக்கம் சொன்னார். வேடிக்கை என்னவென்றால், அந்த யோசனைக்கு அவர் காட்டிய மூலங்களில் ஒன்று, நம் நாட்டு ஜந்தர் மந்தர்கள். 1949-இல் இந்தியா வந்தவர், டெல்லியிலும் ஜெய்ப்பூரிலும் வானத்தை அளக்கக் கட்டிய அந்தப் படிகளையும் வளைவுகளையும் சிற்பமாகவே பார்த்தார்.

பெரிய கோயில் இருக்கும் ஊரில் இதுவா என்ற கேள்விக்கு நான் ரொம்ப மல்லுக்கட்டவில்லை. மேம்பாலத்திலிருந்து பார்த்தால் பெரிய கோயிலில் உங்களுக்குச் சிற்பம் எதுவும் தெரியாது. பதின்மூன்று தளமும் ஒன்றாகி, மேலே போகப் போகச் சிறுத்து, வானத்தில் ஒரே கோடாக முடியும். உடல் சிலிர்ப்பது அந்தக் கோட்டைப் பார்த்துத்தான். உருவங்கள் பிறகுதான்.

உங்கள் கல்லில் எனக்கும் ஒரு குறை உண்டு. பீடம் மோசம். கிழக்குப் பக்கம் ஒரு விரல்கடை இறங்கியிருக்கிறது. நம்ம களிமண் கோடையில் வெடிப்பு விட்டுச் சுருங்கும், ஐப்பசியில் ஊதும். வெடிப்பு எட்டும் ஆழத்துக்குக் கீழே போய், மணல் நிரப்பிக் கெட்டித்து, அதன்மேல் கான்கிரீட் போட்டிருக்க வேண்டும். மேலோட்டமாக ஒரு மேடை கட்டி நாலு டன்னை ஏற்றினால் சாயத்தான் செய்யும். நிர்வாகத்திடம் சொல்லுங்கள், இப்போதே சரி செய்தால் செலவு கம்மி. ஒன்று மட்டும் எச்சரிக்கை: சரி செய்கிறேன் என்று வருகிறவர்கள் பெயிண்ட் டப்பாவோடு வரக்கூடும். என் கல் ஒன்றுக்கு ஒரு கல்லூரியில் ஆண்டு விழாவுக்கு முதல் நாள் சில்வர் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். "பளிச்சென்று இருக்கட்டும் சார்" என்றார் அடித்தவர். பிரியமாகத்தான் சொன்னார். உரித்து எடுக்க எனக்கு ஒன்பது நாள் ஆனது.

எண்ணெய், பொட்டு விஷயம். வைத்தவர்மேல் கோபப்படாதீர்கள். நட்ட கல்லைக் கண்டால் கை தானாகப் போகிற ஊர் இது. ஆனால் எண்ணெய் கல்லுக்குள் இறங்கும், தூசியைப் பிடிக்கும், முரட்டுப் பக்கத்தில் திட்டுத்திட்டாகக் கறுத்துப்போகும். வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் மென்மையான சோப்புக் கரைசல், தேங்காய் நார், இது போதும். கம்பிப் பிரஷ் கூடவே கூடாது, அதிலிருந்து உதிரும் இரும்புத் துகள் கல்லில் தங்கி அடுத்த மழையில் துருக்கறையாக வடியும். ஆசிட் வேண்டாம், மணல் பீய்ச்சுவதும் வேண்டாம். மணல் பீய்ச்சி சுத்தம் செய்கிறேன் என்று கோயில்களில் எத்தனை கல்வெட்டு மழுங்கிப்போனது என்பது ஊருக்கே தெரியும். வடக்குப் பக்கம் படிந்திருக்கும் பச்சைப் பாசியை அப்படியே விட்டுவிடலாம்.

படியில் தாராளமாக உட்காரலாம். அதற்காகத்தான் அந்த உயரத்தில் விட்டிருக்கிறார் என்று நினைக்கிறேன், நானும் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வந்தேன். மே மாதம் மதியம் மட்டும் வேண்டாம். தோசைக்கல் மாதிரி இருக்கும்.